காலில் டேப் ஒட்டிய கோழி

பதினொன்று. இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கோழி, ஒரு சேவல். மாநில எல்லையில் ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது. அங்கே லாரியை நிறுத்திப் பெட்டியைத் திறந்து எண்ணுவார்கள். டாக்டர் கொடுத்த சான்றிதழில் பதினொன்று என்று இருந்தால் பெட்டியிலும் பதினொன்று இருக்க வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

அந்தப் பதினொன்றுக்கும் சொந்தக்காரி பம்பு ஆலையில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தவள். ஆலையில் அவளை எல்லாரும் பேக்கிங் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், மேனேஜர் உள்பட. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

ஆலை வேறு மாநிலத்துக்கு இடம் மாறுகிறது என்று ஒருநாள் பலகையில் ஒட்டினார்கள். ஆலைக்குக் கால் கிடையாது. இடம் மாறுவது ஆட்கள்தான், அதிலும் எல்லா ஆட்களும் இல்லை. மெஷின் பார்க்கும் ஃபிட்டர்களுக்கு அங்கே வேலை உண்டு என்றார்கள். பேக்கிங் பிரிவுக்குக் கிடையாது, அங்கே மெஷினே பெட்டி போட்டுக்கொள்ளுமாம். அக்காவின் புருஷன் ஃபிட்டர். ஆக, ஒரே வீட்டுக் கதவில் ஒரே வாரத்தில் இரண்டு கடிதம் வந்தது. அவருக்கு மாற்றல், அவளுக்குக் கணக்கு முடிப்பு.

"விடு. இத்தன வருஷம் நின்னுக்கிட்டே வேல பாத்த. அங்க வந்து வீட்ல நிம்மதியா இரு" என்றார் ஃபிட்டர்.

"நிம்மதியா மூலையில நிக்கறதுக்கு நான் என்ன பீரோவா?" என்றாள் அக்கா.

அவளுக்குக் கோழி இருந்தது. வீட்டுக்குப் பின்னால் வேலி போட்டு, காலையும் மாலையும் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் பார்த்து வளர்த்த கோழி. இரண்டு தெருவுக்கு முட்டை கொடுத்தாள். ஃபிட்டர் சம்பளம் வீட்டுக்கு, அவள் சம்பளமும் வீட்டுக்கு. முட்டைக் காசு மட்டும் அவளுக்கு. அதற்கு அவள் யாருக்கும் கணக்குச் சொன்னதில்லை, யாரும் கேட்கத் துணிந்ததும் இல்லை. இப்போது சம்பளம் போய்விட்டது. மிச்சம் இருப்பது கோழிதான்.

போகிற ஊரில் வாடகைக்குப் பார்த்த வீட்டின் சொந்தக்காரம்மாவும் கோழி வளர்ப்பவர். பக்கத்துப் பேக்கரிக்கு முட்டை போடுகிறார். போனில் அக்காவிடம் சொன்னார்: "அவங்க கேக்கற முட்டைக்கு என் கோழி பத்தல. நீங்களும் போடலாம். என் வேலிய ஒட்டியே உங்களுக்கும் வேலி போட்டுக்கலாம். ஆனா ஒண்ணு, நோயில்லாத கோழின்னா மட்டும் கொண்டுவாங்க."

கோழி போனால் அக்காவுக்கு அங்கே ஒரு தொழில் இருக்கிறது. போகாவிட்டால் பதினொன்றும் கறிக்கடைக்கு, அவள் பீரோவுக்குப் பக்கத்தில். விஷயம் இவ்வளவுதான்.

கால்நடை டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார். சின்ன வயது, கண்டிப்பான குரல். ஒவ்வொரு கோழியாக அக்கா பிடித்துக் கொடுக்க, இறக்கைக்கு அடியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். வெள்ளைத் தட்டில் அதை விட்டு, பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒரு சொட்டு மருந்து விட்டு, குச்சியால் கலக்கினார். திரிந்த பால் போலத் துகள் துகளாகப் பிரிந்தால் அந்தக் கோழிக்கு நோய். மையைப் போல அப்படியே நின்றால் சுத்தம். பதினொன்றும் மையாக நின்றது. கடைசியில் சேவல் மட்டும் டாக்டரம்மாவின் கையைக் கீறிவிட்டது.

"இவனுக்கு உடம்பு ரொம்ப நல்லாவே இருக்கு" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் காலிலும் எண் போட்ட வளையம் மாட்டினார். பிறகு விரலை நீட்டினார். "அம்மா, நல்லாக் கேட்டுக்கங்க. இந்த நிமிஷத்துலேர்ந்து இந்த வேலிக்குள்ள புதுசா ஒரு குருவி கூட வரக்கூடாது. நீங்க கிளம்பறதுக்கு முந்தின நாள் வந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"குருவி என்னக் கேட்டுட்டா வருது டாக்டரம்மா?"

"வலயக் கட்டுங்க."

அன்று மாலையே அக்கா வேலிக்கு மேலே வலை கட்டிவிட்டாள்.

அடுத்தது பெட்டி. காய்கறி மண்டியில் கிடைக்கும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடைகளை வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து, வாயோடு வாய் சேர்த்து ஒயரால் கட்டினாள். ஆலையிலிருந்து கொண்டுவந்த மரச்சீவலை உள்ளே கழுத்து வரை கொட்டி, நாலு பக்கமும் அட்டை வைத்து அடைத்தாள். கையைத் தட்டிவிட்டுப் பெருமையாகப் பார்த்தாள்.

ஃபிட்டர் குனிந்து பார்த்தார். "மூச்சு எங்கேர்ந்து விடும்? பம்புக்கு மூக்கு கிடையாது, இதுக்கு இருக்கு."

"மூக்கு இருந்து என்ன? நீங்க இத்தன வருஷமா அத வெச்சுக் குறட்டைதான விடறீங்க?"

சொன்னாளே தவிர அட்டையை எடுத்துவிட்டாள், சீவலையும் பாதியாகக் குறைத்தாள். கோழி உட்காரவும் எழுந்திருக்கவும் இடம் இருக்க வேண்டும். பறக்க இடம் இருக்கக்கூடாது, பறந்தால் இறக்கை ஒடியும். வழியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் கொட்டும், அதனால் வெள்ளரிக்காயைத் துண்டு போட்டு உள்ளே வைப்பது என்று முடிவு செய்தாள். மூன்று பெட்டி. முதல் இரண்டில் நாலு நாலு, மூன்றாவதில் மூன்று. அந்த மூன்றாவது பெட்டியில் ஒரு கோழி உட்காரும் இடம் மிஞ்சியது. மூன்றும் சறுக்கிக்கொண்டு போகக்கூடாது என்று அந்த மூலையில் ஒரு சாக்கைச் சுருட்டித் திணித்தாள்.

ஒருநாள் ஒத்திகையும் பார்த்தாள். கோழி எதுவும் வேலியைத் தாண்டக்கூடாது என்பதால் வேலிக்குள்ளேயே பெட்டியைக் கோழியோடு தள்ளுவண்டியில் ஏற்றி இப்படியும் அப்படியும் தள்ளினாள். பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன, கோழிக்கு ஊர் சுத்திக் காட்டறீங்களா?"

"உங்களுக்கும் ஒரு ரவுண்டு வேணும்னா சொல்லுங்க, மூணாவது பெட்டியில ஒரு எடம் காலியாத்தான் இருக்கு" என்றாள் அக்கா.

இனி பேக்கிங் பிரிவின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் பிரிவில் யார் வேலையை விட்டுப் போனாலும் மாலை, கைதட்டல், பேச்சு எதுவும் கிடையாது. போகிறவருக்குத் தெரியாமல் அவருடைய பையில் எதையாவது போட்டுவிடுவார்கள். கத்தரிக்கோல், டிபன் பாக்ஸ், புடவை, என்னவாகவும் இருக்கலாம். யார் போட்டது என்று சொல்லக்கூடாது. வீட்டுக்குப் போய் அவராகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெட்டி மூடுகிறவர்களுக்குத் தோன்றிய மரியாதை அது. ஆலை மூடிய வாரம் எல்லாருமே போகிறவர்களாக இருந்ததால், எல்லாரும் எல்லார் பையிலும் எதையோ திணித்துக்கொண்டிருந்தார்கள். யார் எதைப் போட்டார்கள் என்று கடவுளுக்கே தெரியாது.

கடைசி நாள் அடையாள அட்டையையும் கையுறையையும் ஒப்படைத்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தாள். வாசல்படியிலேயே உட்கார்ந்து பையைக் கவிழ்த்தாள். அவளுடைய பழைய டிபன் பாக்ஸ் மட்டும் உருண்டு விழுந்தது. பையைத் திருப்பி உதறினாள். ஒன்றும் இல்லை.

முகம் சுருங்கிவிட்டது. இத்தனை வருஷம் கூடவே நின்றவர்கள். ஒரு பேனாகூடவா போடக்கூடாது? வாய்விட்டுக் கேட்கிற விஷயமும் இல்லை. அந்தக் கடுப்போடு எழுந்து, கோழிக்குத் தீனி எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

தீனியைப் போட்டு, எப்போதும் போல எண்ணினாள். பன்னிரண்டு.

மறுபடி எண்ணினாள். தண்ணீர்த் தொட்டி ஓரம், கழுத்தில் புள்ளி போட்ட ஒரு வெள்ளைக் கோழி நின்றுகொண்டிருந்தது. எல்லாக் கோழியும் குடிக்கும் தண்ணீரில் மூக்கை விட்டுக் குடித்தது. சேவல் பக்கத்தில் நின்று புது விருந்தாளிக்குத் தானியம் பொறுக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் காலில் டாக்டரம்மாவின் வளையம் இல்லை. பழுப்பு நிற பேக்கிங் டேப் சுற்றியிருந்தது. டேப்பில் அச்சடித்திருந்தது: உடையும் பொருள், கவனம்.

அக்கா தீனிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

யார் வேலை என்று யோசிக்க வேண்டியதே இல்லை. டேப் ஒட்டும் மெஷினில் நின்றவளுக்கு ஆலையில் பெயரே டேப்பு. ஊர்ப்பட்ட பெட்டியின் வாயை ஒட்டினாள், தன் வாயை மட்டும் ஒட்டியதே இல்லை. அக்கா போன் செய்ததும் அடுத்த தெருவிலிருந்து செருப்புக்கூடச் சரியாகப் போடாமல் ஓடிவந்தாள்.

"பாத்துட்டியாக்கா? எப்டி இருக்கா ராணி? நீ ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு இருந்தப்ப நாங்க சுவரேறிக் குதிச்சு வெச்சோம். வலையில வேற ஒரு புடவ மாட்டிக்கிச்சு."

"எங்க வாங்குன?"

"சந்தையிலதான். செக்‌ஷன் மொத்தமும் சேந்து போட்டோம். ஒரே கூடையில அத்தன கோழி, அதுல இவ மட்டும் தல நிமிந்து உக்காந்திருந்தா. பாத்ததும் உன் ஞாபகம்தான்."

"அந்தக் கூடையில இருந்ததெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டியா?"

"கோழி எங்கேர்ந்து வரும்? முட்டையிலேர்ந்து."

அக்கா சிரிக்கவில்லை. டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். குருவி கூட வரக்கூடாது என்றதை, வளையத்தை, சான்றிதழை, போகிற ஊரில் இருக்கும் வீட்டுக்காரம்மாவின் கோழியை, எல்லாவற்றையும் சொன்னாள். டேப்பின் வாய் வாழ்க்கையில் முதல்முறையாக ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து லாரி வந்து நின்றது. ஓட்டிவந்தவன் ஃபிட்டரின் தம்பி, அக்காவுக்குக் கொழுந்தன். வீட்டுச் சாமான் ஏற்ற ஆலைக்காரர்கள் அமர்த்திக் கொடுத்த லாரி. அதற்குத் தேதி ஒன்றுதான், நாளை மறுநாள் காலை. கொழுந்தன் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் துண்டை உதறினான்.

"இதுக்குப் போயா அண்ணி கன்னத்துல கை வெச்சு உக்காந்திருக்கீங்க? அந்த ராணியத் தூக்கி டேப்பக்கா கைல குடுங்க. நாளைக்கு டாக்டர் வந்து எண்ணுனா பதினொண்ணு. சாவடியில எண்ணுனா பதினொண்ணு. கத முடிஞ்சுது."

"அவன் சொல்றது சரிதான்" என்றார் ஃபிட்டர். "ஒரு மணி நேரம் உள்ள இருந்துச்சு. அதுக்குள்ள என்ன ஆயிடும்?"

அக்கா ராணியைப் பிடித்து வெளியே எடுத்தாள். ஒரு பழைய கூடையால் முற்றத்தின் மறுகோடியில் மூடினாள். தண்ணீர்த் தொட்டியைக் கொட்டித் தேய்த்துக் கழுவினாள். பதினொரு வளையம், பதினொரு கோழி. எண் சரியாகிவிட்டது. எண் மட்டும்தான்.

"ஆலையில நான் பேக் பண்ண ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும், பேக் பண்ணது யாருன்னு என் நம்பர் சீட்டு இருக்கும்" என்றாள். "உள்ள இருக்கறது உடஞ்சிருக்குன்னு தெரிஞ்சும் மேல டேப் ஒட்ட மாட்டேன். இப்பவும் முடியாது."

"இப்ப எந்த ஆலை? எந்தச் சீட்டு? உன்ன வெளிய அனுப்பி அரை நாள் ஆகல!" ஃபிட்டர் குரல் ஏறியது.

"ஆலைக்காரனுக்காகவா ஒட்டுனேன்? அந்தப் பக்கம் பெட்டியத் திறக்கறவங்களுக்காக. அந்த வீட்டுக்காரம்மா என்ன நம்பி வேலியோரம் இடம் விட்டிருக்காங்க. என் கோழியால அவங்க கோழி செத்தா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த வீட்ல வாடகைக்கு இருப்பேன்?"

"எனக்கு வேலையில சேர்ற தேதி மாறாது."

"மாற வேணாம். நீங்க போங்க. சாமானும் போகட்டும்."

"நீ?"

"கோழியோட வரேன்."

"அடுப்பு லாரியில போகுது. எதுல சமைப்ப?"

"எங்கிட்ட ரெண்டு அடுப்பு இருக்கு" என்றாள் டேப்பு. வாய் திறந்துகொண்டது.

மறுநாள் டாக்டரம்மா வந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்ததும் அக்கா சொல்லிவிட்டாள். டாக்டரம்மா பேனாவை மூடினார். பாராட்டவில்லை. திட்டினார். வலை கட்டச் சொன்னது எதற்கு, சுவர் ஏறும் சிநேகிதிகளை வைத்துக்கொண்டு எதற்குச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். டேப்பு கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு வழிதான்" என்றார் கடைசியில். "கறிக்கடைக்குக் குடுக்கறதுன்னா இன்னிக்கே குடுத்துடலாம். இல்லேன்னா மூணு வாரம் இருந்து மறுபடி சோதன. அதுல ஒண்ணுக்குத் திரிஞ்சாலும் ஒண்ணுகூடப் போகாது."

"இருக்கேன்" என்றாள் அக்கா.

லாரி போனது. இங்கே குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் வேண்டா வெறுப்பாகச் சாவியை விட்டு வைத்தார். காலி வீட்டில் அக்காவும், பாயும் அடுப்பும் எடுத்துக்கொண்டு வந்த டேப்பும். ராணியைப் பின்பக்கம் விட முடியாது, அதனால் கூடத்தில் பீரோ நின்ற இடத்தில் அதற்குக் கூண்டு. காலையில் முதலில் பதினொன்றுக்கும் தீனி, பிறகுதான் ராணிக்கு. ராணியிடம் போகத் தனிச் செருப்பு. அந்தச் செருப்போடு பின்வாசலைத் தாண்டினால் அக்கா பார்வையாலேயே நிறுத்திவிடுவாள்.

"பீரோவுக்குப் பதிலா ராணி. நல்ல மாத்தம்தான்" என்பாள் டேப்பு. "பீரோ பேசாது, இவ பேசறா."

"பேசற பீரோவாத்தான் நீ ஒருத்தி வந்திருக்கியே."

பிரிவுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வாசலுக்கு வெளியேதான் நிற்க அனுமதி. குற்றம் செய்தவர்கள் போலத் தானிய மூட்டையைக் கதவுக்கு மேலாகக் கொடுத்துவிட்டு, "எங்களாலதானேக்கா" என்று இழுப்பார்கள். "உங்களாலதான்" என்பாள் அக்கா. "தானியத்தக் குடுத்துட்டுக் கிளம்புங்க." அதைக் கேட்ட பிறகுதான் அவர்களுக்கு நிம்மதி வந்தது.

ஃபிட்டர் தினமும் போன் செய்தார். முதல் சில நாள் பேச்சில் உறைப்பு இருந்தது. பிறகு குறைந்தது.

"அங்க மெஷினா பெட்டி போடுது?" என்று கேட்டாள் அக்கா.

"போடுது. பாதி கிழிஞ்சு வருது. கிழிஞ்சதை ஒட்ட ஆள் தேடறாங்க."

அன்று ராத்திரிச் சாப்பாடு அக்காவுக்கு நன்றாக இறங்கியது.

இரண்டாவது வாரம் ஒரு பயம் வந்தது. அக்கா கடைக்குப் போயிருந்தபோது பழுப்புக் கோழி ஒன்று உடம்பை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தது. தீனிக்கு எழவில்லை, தண்ணீருக்கு எழவில்லை. டேப்பு அக்காவுக்காகக் காத்திருக்கவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடி டாக்டரம்மாவை ஸ்கூட்டரோடு இழுத்துவந்துவிட்டாள். அக்கா பையோடு திரும்பும்போது வாசலில் ஸ்கூட்டர். பையை அங்கேயே போட்டாள். பின்னால் போய்ப் பார்த்தால், டாக்டரம்மா கோழிக்கு அடியில் கையை விட்டுக் கொத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று கையை உதறினார். "அடைக்கு உக்காந்திருக்கு. குஞ்சு பொரிக்கற ஆசை."

"சாவப் போறான்னு நெனச்சேன்" என்றாள் டேப்பு.

"நீ அதுக்குப் பக்கத்துல நின்னு பேசிட்டே இருந்திருப்ப. அதான் கண்ண மூடிட்டு உக்காந்திருக்கு" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று வாரம் முடிந்தது. வெள்ளைத் தட்டும் ஊதா மருந்தும் திரும்ப வந்தன. அக்கா பிடித்துக் கொடுத்தாள், டேப்பு தட்டைத் துடைத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு சொட்டாகக் கலக்கிக் கலக்கி டாக்டரம்மா தட்டைச் சாய்த்துப் பார்த்தார். முதல் கோழி மை. இரண்டாவது மை. அடைக்கு உட்கார்ந்ததும் மை. சேவலை அக்கா இந்த முறை சாக்கில் சுற்றிக் கொடுத்தாள், அதுவும் மை. பதினொன்றும் தப்பித்தன.

"ராணியையும் பாத்துடுங்க மேடம்" என்றாள் டேப்பு. "கெட்டதுன்னாலும் தெரிஞ்சுக்கணும்."

கூடத்தில், பீரோ நின்ற இடத்தில், கடைசிச் சொட்டு விழுந்தது. டாக்டரம்மா குச்சியால் கலக்கினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். இன்னொரு முறை கலக்கினார். டேப்பு அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மை.

"மூணு வாரம் வீணாப் போச்சேக்கா" என்று டேப்பு அழ ஆரம்பித்துவிட்டாள். "அன்னிக்கே போயிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"அன்னிக்கு அது யாருக்குத் தெரியும்?" என்றாள் அக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

டாக்டரம்மா கத்தரியால் ராணியின் காலில் இருந்த டேப்பை வெட்டி எடுத்துவிட்டு அங்கே ஒரு வளையம் மாட்டினார். வெட்டிய டேப்பை டேப்பு வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். ராணியையும் சேர்த்துப் புதிதாகச் சான்றிதழ் எழுதப்பட்டது, போகிற மாநிலத்தின் அனுமதியும் புதிதாக வந்தது. அக்கா மூன்றாவது பெட்டியைத் திறந்து, மூலையில் திணித்திருந்த சாக்கை உருவி எடுத்தாள். ராணி அந்த இடத்தில், அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

இந்தப் பக்கம் ஒரு சரக்கை இறக்கிவிட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் திரும்பிப் போகிற வழியில் கொழுந்தன் லாரியை வளைத்துக்கொண்டு வந்தான். பெட்டியை நிழல் பக்கம், காற்று படும்படி, ஆடாமல் கட்டினார்கள். வெள்ளரிக்காய்த் துண்டு உள்ளே போனது. டேப்புக்கு ஒரு மருந்துக் கிடங்கில் வேலை கிடைத்திருந்தது, மறுபடியும் டேப் ஒட்டும் வேலைதான். அன்றே சேர வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டிகளின் ஒயரை ஒவ்வொன்றாக இழுத்துச் சோதித்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகைக் காட்டிய நேரம் அக்கா அவளுடைய பைக்குள் ஒரு சின்ன அட்டைப் பெட்டியைப் போட்டாள். உள்ளே மரச்சீவல், சீவலுக்குள் ராணி அன்று காலை போட்ட முட்டை, அதற்கு மேல் அக்காவின் பழைய நம்பர் சீட்டு. சொல்லவில்லை. வழக்கம் அப்படி.

மதியத்துக்கு மேல் எல்லைச் சாவடி வந்தது. காக்கிச் சட்டைக்காரர் சான்றிதழை வாங்கிப் படித்துக்கொண்டே பெட்டிகளைச் சுற்றிவந்தார். சேவல் அவரைப் பார்த்து ஒருமுறை கத்தியது.

"அடையாள வளையம் எல்லாம் இருக்கா?"

"இருக்கு சார்" என்றான் கொழுந்தன்.

"நடுவுல எங்கயாவது ஏத்துனது, இறக்குனது?"

"இல்ல சார். வேணும்னா அண்ணியக் கேளுங்க. அவங்க பேக் பண்ணது."

காக்கிச் சட்டைக்காரர் லாரியின் முன்பக்கம் வந்து, மேலே உட்கார்ந்திருந்த அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ள எத்தனை இருக்கும்மா?"

"பன்னெண்டு."